கிரேன் உச்சியில் ஒரு கூட்டுக் குடும்பம்

கொக்கு என்ற பெயர் அவருக்குக் கிரேனில் ஏறிய பிறகு வந்ததல்ல. பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. கழுத்து கொஞ்சம் நீளம். யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் ஒரு காலைத் தூக்கி மறுகாலோடு பின்னிக்கொள்ளும் பழக்கம் வேறு. பெயர் வைத்த பையன்கள் எல்லாம் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் அவரை விடாமல் ஒட்டிக்கொண்டு, டவர் கிரேனின் ஏணியிலும் கூடவே ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடிகள், ஒரு குட்டி மின்விசிறி, அதைச் செருக ஒரு பிளக் பாயிண்ட், ஒரு தண்ணீர் பாட்டில். காலையில் ஏறினால் மாலையில்தான் இறங்குவார். நாள் முழுக்கக் கம்பிக் கட்டும் கல்லும் இரும்புச் சட்டமும் அவர் கையால் வானத்தில் மிதந்து போய், ஒரு கீறல் படாமல் இறங்கும். பேசுவதற்கு ஆள் கிடையாது. வாக்கி டாக்கியில் வழக்கமாக வருவது எல்லாம் இடது, வலது, மெதுவா, நிறுத்து என்ற நான்கு சொற்கள்தான்.

அவர் மனைவிக்கு நேர் எதிரான பிழைப்பு. கால் சென்டரில் வேலை. எந்தெந்தக் கம்பெனிகளுக்கோ வரும் புகார்களை எல்லாம் வாங்கி அங்கே வேலை செய்பவர்கள் தலையில் கட்டுவார்கள். வாஷிங் மெஷின் நடுங்குகிறது, இன்சூரன்ஸ் பணம் வரவில்லை, பெட்டியில் சாவியைக் காணோம் என்று ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அவள் காதில் கத்துவார்கள். அவள் திருப்பிக் கத்தக் கூடாது. 'புரிகிறது சார்' என்று சொல்ல வேண்டும். அதையும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும்; சிரிக்காமல் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவருக்குப் பகல் வேலை, அவளுக்குச் சாயங்காலம் தொடங்கும் வேலை. அவர் வீடு வந்து சேர்வதற்கும் அவள் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். கல்யாணம் என்று அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதில் அவர்கள் கேம் விளையாடினார்கள்.

விளையாட்டு இதுதான்: இரண்டு பேர் ஒரு வீட்டைக் காலி செய்ய வேண்டும். சோபாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் திருப்பி, எதையும் உடைக்காமல் வாசலில் நிற்கும் வண்டியில் ஏற்ற வேண்டும். நிஜத்தில் டன் கணக்கில் இரும்பைப் பூப்போல இறக்கும் மனுஷன், இந்தப் பொம்மை சோபாவைத் தூக்கியதும் ஜன்னலை உடைப்பார், விளக்கை உடைப்பார், படியில் உருண்டு அவளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? இடது பக்கம்னா எது இடது பக்கம்? சோறு தின்ற கைக்கு எதிர்க் கைங்க" என்று அவள் தொண்டை கிழியக் கத்துவாள். பக்கத்து வீட்டார் முதலில் சண்டை என்று நினைத்துப் பதறினார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

அவருக்கு அந்தத் திட்டு அவ்வளவு பிடிக்கும். நாள் முழுக்க ஒரு ஈ காக்கை பேசாத உயரத்தில் இருந்துவிட்டு வந்தவரை ஒருத்தி உட்கார வைத்து வண்டி வண்டியாகத் திட்டுகிறாள் என்றால் அது சும்மாவா? அவளுக்கும் அப்படித்தான். ராத்திரி முழுக்க அடக்கி வைக்கப்போகிற கத்தலை முன்கூட்டியே கத்தித் தீர்த்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, லேசான மனதோடு பஸ் ஏறுவாள்.

ஒரு நாள், அவர்கள் டிவியில் மாட்டி விளையாடிய அந்தப் பழைய கேம் பெட்டி புகைந்து, இருமி, செத்துப்போனது. ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்துவிட்டு, இதற்கு உதிரிபாகம் கிடைக்காது, புதுசு வரப்போகிறதே, அதை வாங்குங்கள் என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

புதுப் பெட்டியைப் பற்றிய விவாதம் கட்டட வேலை நடந்த இடத்தில் ஏற்கெனவே கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்தது. விவாதம் நடந்த இடம் வாக்கி டாக்கி. அந்தச் சேனல் சுமை தூக்குவதற்கு மட்டும்தான் என்று கீழே பலகையே மாட்டியிருந்தார்கள். பலகை யார் கண்ணிலும் படவில்லை.

"கம்பிக் கட்டு ஏறுது, மெதுவா, மெதுவா," என்பார் கீழே நின்று வழிகாட்டும் சிக்னல்காரர். "கொஞ்சம் வலது. நான் என்ன சொல்றேன்னா, காசு வாங்காம எவனும் கேம் சர்வர் ஓட்ட மாட்டான் அண்ணே. இன்னும் கொஞ்சம் வலது."

எங்கோ ஒரு மாடியில் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கும் எலக்ட்ரீஷியன் உடனே குறுக்கே பாய்வார். "பெட்டிக்குக் காசு கொடுத்தாச்சு. கேமுக்குக் காசு கொடுத்தாச்சு. வீட்டு நெட்டுக்கு மாசாமாசம் கொடுத்துட்டு இருக்கேன். இப்ப அந்தப் பெட்டியில, அந்த நெட்டுல, அந்த கேமை இன்னொருத்தனோட ஆட தனிச் சந்தாவா? என் வீட்டுக் கதவை நான் திறந்து வெளிய வர எவனுக்குய்யா வாடகை கட்டணும்?"

"அந்தப் பக்கம் சர்வருக்குக் கரண்ட் செலவு ஆகுதுல்ல?"

"கரண்டைப் பத்தி எங்கிட்டயே பேசுறியா நீ?"

கான்கிரீட் பம்ப் ஆப்ரேட்டர் ஒருவர் இருந்தார். பெரிய மீசை. அதனாலேயே பெயரும் மீசைதான். அவருக்குச் சந்தா கவலையில்லை, நெட் கவலை. "தினமும் ஒரு தடவை நெட்டுல போய் முகத்தைக் காட்டணுமாம். காட்டலைன்னா பெட்டி தானா பூட்டிக்குமாம். எங்க வீட்டுப் பக்கம் போன்ல பேசவே ரோட்டுக்கு வரணும். நான் எங்க போய் முகத்தைக் காட்டுறது?"

ஒருமுறை சேஃப்டி ஆபீசர் நடுவில் புகுந்து, "சேனல்ல தேவையில்லாத பேச்சு வேண்டாம்," என்று அதட்டினார். எல்லோரும் கப்சிப். சிறிது நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "அப்புறம், அது தினமும் ஒரு தடவை இல்ல. இருபத்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"எப்படிய்யா ஒண்ணாகும்?" என்று ஆரம்பித்தவர் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை விடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை பேர் வாய் வலிக்கப் பேசிய அந்தப் பெட்டி யாரிடமும் இல்லை. அது இன்னும் கடைக்கே வந்திருக்கவில்லை.

கொக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரே வீட்டுல, பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு பேர் ஆட நெட் வேணுமா?" நான்கு பேரும் சேர்ந்து ஐந்து பதில் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது வாய்க்குப் பொழுதுபோக்கு. அவருக்குக் குடும்பம் நடக்குமா நடக்காதா என்ற கேள்வி.

பெட்டி கடைக்கு வந்த அன்றே வாங்கிவிட்டார். வீட்டில் வைத்துப் பிளக்கைச் செருகியதும் திரையில் முதல் வாசகமே மூஞ்சியில் அடித்தது போல வந்தது: தினமும் ஒருமுறை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சண்டையில் மீசை ஜெயித்துவிட்டார். சேஃப்டி ஆபீசர் மறுத்தார் என்பது வேறு விஷயம்.

கொக்குவின் வீடு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்தில் தரைத்தளத்தில் இருந்தது. கேபிள் எந்தச் சுவரில் போவது என்று இரண்டு கட்டடக்காரர்களும் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் சந்துக்கு நெட் வரவில்லை. போனில் சிக்னல் வேண்டுமென்றால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறிக் கையைத் தூக்க வேண்டும். அப்போதும் ஒரு கோடுதான் தெரியும், அதுவும் வந்து வந்து போகும். முதல் நாள் அவர் போனோடு வாளி மேல் நிற்க, பெட்டியைக் கதவோரத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"தினமும் வாளி மேல நிக்கிற புருஷனைப் பார்க்கவா கட்டிக்கிட்டேன்?" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கிளம்பும்போது செத்துப்போன பழைய பெட்டியைத் துணியால் துடைத்துவிட்டுப் போனாள். அதைக் கொக்கு கவனித்தார்.

மறுநாள் காலை அவர் சாப்பாட்டுப் பையில் பெட்டியை வைத்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஏணியில் ஏறி, கண்ணாடி அறையின் கதவைச் சாத்தி, மின்விசிறியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பெட்டியைச் செருகினார். போன் சிக்னல் அங்கே கொட்டிக் கிடந்தது; ஹாட்ஸ்பாட்டில் போன் நெட்டைப் பெட்டிக்குக் கொடுத்தார். சுற்றியிருந்த செல்போன் டவர்கள் எல்லாம் அவருக்குக் கீழேதான் நின்றன. திரை இல்லாவிட்டாலும் பெட்டியின் நெற்றியில் ஒரு குட்டி விளக்கு உண்டு. ஆரஞ்சாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது சட்டென்று வெள்ளையானது. பெட்டி வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் ஒரு பியானோவை மாடியிலிருந்து கீழே போட்டார். அவள் கத்திய கத்தலில் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. இருவருக்கும் பரம திருப்தி.

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் கீழே இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? மீசைக்கு வீட்டில் நெட் கிடையாது. சிக்னல்காரர் தங்கியிருந்த விடுதியில் நெட்டுக்குத் தனி வசூல். எலக்ட்ரீஷியன் இந்தச் சந்தாக் கொள்ளையைக் கண்டித்துத் தன் வீட்டு நெட்டையே கொள்கை அடிப்படையில் வெட்டிவிட்டிருந்தார். ஆளுக்கொரு பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து கிரேனுக்குக் கீழே நின்றார்கள். ஏணியில் இத்தனையைத் தூக்க முடியாது என்று கொக்கு ஒற்றைக் காலில் நின்றார். சிக்னல்காரர் கருவிகள் ஏற்றும் கூடையைக் காட்டினார்.

டீ நேரத்தில் பெட்டிகள் கூடையில் ஏறின. கொக்கி தூக்கியது. "மெதுவா, மெதுவா. உள்ள என்னோடது இருக்கு," என்று சிக்னல்காரர் இதுவரை எந்தச் சுமைக்கும் காட்டாத பரிவோடு வழிகாட்டினார். கூடை பாதி உயரத்தில் இருக்கும்போது சேஃப்டி ஆபீசர் வந்து சேர்ந்தார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூடையை இறக்கச் சொன்னார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"இப்படியா கட்டுவாங்க? ஒண்ணோட ஒண்ணு இடிச்சா என்ன ஆகும்?" என்று பெட்டிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தானே வார் போட்டு இறுக்கினார். பிறகு காருக்குப் போய் ஒரு பையை எடுத்து வந்து தன் பெட்டியையும் நடுவில் வைத்தார். அவர் வீட்டில் நெட் உண்டு. ஆனால் இவர் விளையாட்டுத் தொல்லை தாங்காமல் அவர் மனைவி பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம். அன்றிலிருந்து கூடை ஏறும் நேரத்தில் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று அவரே விசில் ஊதினார்.

இதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. எலக்ட்ரீஷியனின் மூளை அங்கேயும் இங்கேயும் ஒயர் இழுக்கும் மூளை. ஒரு நாள் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரே இடத்தில் தினமும் பதிவாகும் பெட்டிகளைக் கம்பெனி ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்கிறது. குடும்பம் என்றால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சந்தா போதும்.

"சந்தாவே கூடாதுன்னு சொன்ன ஆளு நீங்கதானே?" என்றார் சிக்னல்காரர்.

"ஊருக்கே ஒரு சந்தான்னா அது சந்தா இல்ல தம்பி, சமத்துவம்."

குடும்பப் பதிவுக்குக் கம்பெனி போனில் உறவுமுறை கேட்டது. எலக்ட்ரீஷியன் குடும்பத் தலைவர் ஆனார். சிக்னல்காரரை மகன் என்று போட்டார். ஒரு மகனுக்கு மேல் அது ஏற்காததால் மீசை மூத்த மகள் ஆனார். சேஃப்டி ஆபீசர், "மரியாதையா எதையாவது போடுய்யா," என்றதால் அவருக்கு மாமனார் பட்டம் கிடைத்தது. கொக்கு மேலே இருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. மிச்சம் இருந்த இடம் மருமகள். போட்டுவிட்டார்கள். குடும்பத்துக்கு ஐந்து பேர்தான் அளவு, நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம், கொக்குக்கும்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாய் விரித்து, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை முடுக்கினால் திரையில் எழுத்து ஓடியது. நீங்கள் இப்போது வீட்டில் இல்லை. வீடு திரும்பியதும் குடும்பத்தாருடன் விளையாடலாம்.

கொக்கு சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் வீடுதான். அவர் பாய்தான். மனைவி தன் கன்ட்ரோலரை அழுத்தினாள். அதற்கு இன்னொரு எழுத்து வந்தது. இவர் விருந்தினர். குடும்பத் தலைவரின் அனுமதி தேவை.

"யாருங்க அந்தக் குடும்பத் தலைவர்?" என்றாள்.

ஒரு காலை மறுகாலோடு பின்னிக்கொண்டு, "பெட்டிக்கு உடம்பு சரியில்ல போல," என்றார் கொக்கு. விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. ஆசை ஆசையாக அவளுக்காக வாங்கியதைத் தானே நாலு பேரோடு சேர்ந்து கெடுத்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் வாக்கி டாக்கியில் முறையிட்டார். "அண்ணே, என் மனைவியைக் குடும்பத்துல சேக்கணும்."

"இடம் இல்லையே," என்றார் குடும்பத் தலைவர். "யாராவது வெளிய போனாத்தான் ஆகும். போனவங்க ஒரு வருஷம் வேற எங்கயும் சேர முடியாது. நீயே போனாலும் உன் பெட்டிக்கு வீடு அந்தக் கிரேன்தான். அதை மாத்தவும் ஒரு வருஷம் ஆகுமாம்."

"வேற யாராவது பெரிய மனசு பண்ணினா..."

அவ்வளவுதான். ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "மூத்த மகளை வீட்டை விட்டு அனுப்புறது நல்லாவா இருக்கு?" என்றார் மீசை. "நான் ஒரே பையன்," என்றார் சிக்னல்காரர். "மாமனாரைத் துரத்தின குடும்பம்னு பேரு வரும், பார்த்துக்கங்க," என்றார் சேஃப்டி ஆபீசர். பாகப்பிரிவினை நடக்கும் வீடு தோற்றது. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஒரு மூட்டைக் கல்லை அந்தரத்தில் தொங்கவிட்டபடி, அந்த வீட்டு மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வந்த சாயங்காலங்கள் மோசமானவை. அந்த ஒரு மணி நேரம் கடிகாரத்தில் இருந்தது, வீட்டில் இல்லை. அவள் சேலைக்கு இஸ்திரி போடுவாள். "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ம்," என்பார். என்ன செய்வதென்று தெரியாமல் போனை எடுத்து வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளும் எதுவும் பேசுவதில்லை. சில நாளில் முந்தைய பஸ்ஸுக்கே கிளம்பிப் போக ஆரம்பித்தாள்.

கொக்குக்குப் பயம் வந்துவிட்டது. உயரத்தில் காற்று கிரேனை ஆட்டும்போதுகூட வராத பயம். இத்தனை வருஷம் தங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தது அந்த விளையாட்டுதானோ, அது இல்லையென்றால் தங்களுக்குள் பேச ஒன்றுமே கிடையாதோ என்று நினைத்தார். நினைக்க நினைக்க அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் கான்கிரீட் போடும் வேலை. அந்தி சாயும் வரை எல்லோரும் இருந்தாக வேண்டும். லாரிகள் எங்கோ நெரிசலில் மாட்டிக்கொண்டு வரவில்லை. மேலே சும்மா உட்கார்ந்திருந்த கொக்கு, பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்த உதவி எண்ணை அழைத்தார். வெகு நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு குரல் வந்தது.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை மையம். உங்களுக்கு நான் எப்படி உதவலாம் சார்?"

கொக்கு எழுந்தேவிட்டார். தலை கூரையில் இடித்தது. அவர் மனைவியின் குரல். ஆனால் துவைத்து இஸ்திரி போட்ட குரல். வாஷிங் மெஷின் புகார்களிலிருந்து அவளை கேம் பெட்டிப் புகாருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை அவரிடம் சொல்வதற்குத்தான் இப்போதெல்லாம் நேரம் வாய்க்கவில்லையே.

"நீ... நீயா?"

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது சார்," என்றாள் அவசரமாக. குரல் லேசாகத் தடுமாறியது. சொந்தக்காரர் அழைத்தால் பேசக் கூடாது, வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவள் மாற்றவில்லை. "உங்க பேரைச் சொல்லுங்க சார்."

சொன்னார். பெண் பார்க்கப் போன அன்று சொன்னதற்குப் பிறகு மனைவியிடம் அவர் தன் பெயரைச் சொல்வது இதுதான்.

"என்ன பிரச்சினை சார்?"

"வீட்டுல உக்காந்திருக்கும்போதே வீட்டுல இல்லைன்னு சொல்லுதுங்க."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. "உங்க வீடு தரையிலிருந்து ரொம்ப உயரத்துல இருக்கறதா காட்டுது சார்."

"ஆமாங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"பதிவுப்படி பார்த்தா வீட்டுலதாங்க இருக்கேன்."

மறுபடி விசைச் சத்தம். "உங்க குடும்பத்துல மொத்தம் அஞ்சு பேர். தலைவர், மாமனார், மகன், மூத்த மகள்." சற்று நின்றாள். "மூத்த மகளோட படத்துல மீசை இருக்கு சார்."

"அவரு பம்ப் ஆப்ரேட்டருங்க."

"அஞ்சாவது ஆள் நீங்க. பதிவுல நீங்க இந்த வீட்டு மருமகள்னு இருக்கு சார்."

"அதை நான் போடலைங்க."

"உங்க கோரிக்கை என்ன சார்?"

"என் மனைவியைக் குடும்பத்துல சேக்கணுங்க."

"மருமகள் சொல்லி இதுல யாரையும் சேர்க்க முடியாது சார். குடும்பத் தலைவர்தான் கேட்கணும்." ஒரு மூச்சு விட்டாள். "எந்த வீட்டுல சார் மருமகள் பேச்சு எடுபட்டிருக்கு?" இந்தக் கடைசி வரி அவர்களுக்குக் கொடுத்திருந்த பாடத்தில் கிடையாது. அடுத்த கேள்வியும் கிடையாது. "அவங்களுக்கு, உங்க மனைவிக்கு, உங்களுக்கு இப்படி ஒரு குடும்பம் இருக்கறது தெரியுமா சார்?"

"சொல்லலைங்க. பெட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏன் சார்?"

வாக்கி டாக்கி கரகரத்தது. "அண்ணே, லாரி வந்திருச்சு," என்றார் சிக்னல்காரர். கொக்கு அதன் வாயை மூடிவிட்டார். கீழே ஊரில் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பித்திருந்தது. முகம் தெரியாததாலோ, சார் என்று கூப்பிட்டதாலோ, அவருக்குப் பேச்சு வந்தது.

"பயமா இருந்துச்சுங்க. அந்த விளையாட்டு நின்னு போச்சு. அது இல்லாம அவ எம் பக்கத்துல உக்கார மாட்டாளோன்னு. இப்பல்லாம் சீக்கிரமே பஸ்ஸுக்குக் கிளம்பிடுறா. அவளுக்கு என்னைப் பார்க்கவே சலிப்பா இருக்கு போல. நான் ஒண்ணும் பெருசா பேசுற ஆள் இல்லைங்க. என்னைத் திட்டும்போதுதான் அவ முகம் நல்லா இருக்கும். அது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்லைங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விசைச் சத்தமும் நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். எடுத்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் காது கிழிந்திருக்கும்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? மேல ஏறும்போது மூளையைக் கழட்டி ஏணிக்கு அடியில வச்சுட்டுத்தான் ஏறுவீங்களா? நான் எதுக்குச் சீக்கிரம் கிளம்பினேன்? நீங்க சிக்னல் இல்லாத போனைப் பார்த்துட்டு உக்காந்திருந்தீங்களே, இந்த மனுஷனுக்கு என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலையோன்னு கிளம்பினேன். பஸ் ஸ்டாப்புல போய் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? இங்க பார்த்தா நீங்க மீசை வச்ச பொண்ணும் மாமனாருமா குடும்பம் நடத்திட்டு இருக்கீங்க. மருமகளாம் மருமகள். வெக்கமா இல்ல?" சுற்றியிருந்த மேசைகளில் மற்றவர்கள் 'புரிகிறது சார்' சொல்வதை நிறுத்திவிட்டது போனிலேயே கேட்டது. அவள் நிறுத்தவில்லை. "நாளைக்கு அந்தப் பெட்டியை வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்கன்னா தெரியும் சேதி. கையை வீசிக்கிட்டு வாங்க. வந்து பாயில உக்காருங்க. உங்களைத் திட்டுறதுக்கு எனக்கு நெட்டும் வேணாம், எவனுக்கும் சந்தா கட்டணும்னு அவசியமும் இல்ல. ஒரு மணி நேரம் போதாது எனக்கு."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ ஒரு மேலதிகாரி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சினாள். மறுபடி அந்த இஸ்திரி போட்ட குரல்.

"வேறு ஏதாவது உதவி வேண்டுமா சார்?"

"இல்லைங்க," என்றார் கொக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுவே போதுங்க."

அவள் வைத்துவிட்டாள். கீழே லாரிகள் ஹாரன் அடித்தன. மூத்த மகள் பம்ப்பை ஓடவிட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். குடும்பத் தலைவர் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தார். லைன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. இயந்திரக் குரல் ஒன்று பேசியது.

"எங்கள் பிரதிநிதி உங்களிடம் கனிவாகப் பேசினாரா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்."

கொக்கு கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றை அழுத்தினார். சரியாக அழுந்தியதோ இல்லையோ என்று மறுபடியும் அழுத்தினார்.